ஃபுஷிமி இனாரிக்கு விடியக்காலைலயே போயிடுங்க

ஜப்பான்ல கியோட்டோ போறவங்க அந்த ஆரஞ்சு கலர் வாசலா வரிசை கட்டி நிக்கிற ஃபுஷிமி இனாரி கோயிலை எப்படியும் லிஸ்ட்ல வச்சிருப்பீங்க, ஆனா பத்து மணிக்கு மேல போனா போட்டோல முன்னாடி போறவங்க முதுகுதான் விழும். கோயில் 24 மணி நேரமும் திறந்திருக்கு, டிக்கெட்டும் கிடையாது, அதனால காலைல 6 மணிக்கே போயிடுங்க. கியோட்டோ ஸ்டேஷன்ல நாரா லைன் லோக்கல் ட்ரெயின் ஏறினா ரெண்டாவது ஸ்டாப் இனாரி, இறங்கினா எதிர்லயே கோயில். ரேபிட்ங்கிற வேகமான ட்ரெயின்ல மட்டும் ஏறிடாதீங்க, அது அங்க நிக்காது (நான் ஏறிட்டு அசடு வழிய திரும்பி வந்தேன்).

அந்த வாசல் வரிசை கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற மலை மேல ஏறிப் போகுது. மலை 233 மீட்டர்தான், ஆனா படி படி படியா போகுது, முழுசா சுத்தி வர 2-3 மணி நேரம் ஆகும். முடியலன்னா பாதி வழில யோத்சுத்சுஜின்னு ஒரு இடம் வரும், அங்கேருந்தே ஊர் நல்லா தெரியும், அது போதும்.

ஏறும்போது வாசல் தூண்ல வெறும் கலர்தான் தெரியும், நின்னு திரும்பிப் பாருங்க, ஒவ்வொண்ணோட பின்பக்கமும் கறுப்பு எழுத்து. என்னன்னு பாத்தா அந்த வாசலை செஞ்சு குடுத்தவங்க பேரும் தேதியும், நம்ம கோயில் ட்யூப்லைட்ல 'உபயம்'னு எழுதுவாங்களே, அதேதான்!