பெர்ஃப் ப்ரோப்: கெர்னல் ஃபங்ஷனில் ப்ரோப் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் கெர்னலின் ஒரு ஃபங்ஷன் ஓடும்போதெல்லாம் பதிவு செய்ய, அங்கே நாம் வைக்கும் கண்காணிப்புப் புள்ளிதான் ப்ரோப். அதை வைக்கும் பெர்ஃப் ப்ரோப் கட்டளை பிழை காட்டி நின்றுவிட்டால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. காரணத்தைத் தேடிச் சரிசெய்துவிடலாம். ஆனால் புதிய ஈவன்ட் (பதிவாகும் நிகழ்வு) சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும் ப்ரோப் நம்மை நாள்கணக்கில் அலைய வைக்கும். எண்ணிக்கை பூஜ்யம் என்று வரும். அந்த ஃபங்ஷன் ஓடவே இல்லை என்று முடிவுகட்டி, சிக்கலை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம். லினக்ஸ் கெர்னலில் ப்ரோப் வைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

முதலில் அடியில் நடப்பதைப் பார்த்துவிடலாம். கெர்னலுக்குள் ப்ரோப் வைக்க வழிசெய்யும் கேப்ரோப் வசதி 2004இல் வெளிவந்த 2.6.9 கெர்னலில் சேர்ந்தது. அதை எளிதாகப் பயன்படுத்த, மசாமி ஹிரமட்சு எழுதிய பெர்ஃப் ப்ரோப் 2010இல் 2.6.33 உடன் வந்தது. எக்ஸ்86 சிப்பில், நாம் கேட்ட இடத்தில் உள்ள கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு, அங்கே ஹெக்ஸ் சிசி என்ற பிரேக்பாயிண்ட் பைட்டை வைப்பதுதான் கேப்ரோப்பின் அடிப்படை வேலை. ஓட்டம் அங்கே வந்ததும் டிராப் ஆகி (வழக்கமான ஓட்டம் தடைபட்டு), நம் பதிவு நடந்து, பிறகு அசல் கட்டளையின் நகல் வேறிடத்தில் ஓடும். ஆக, ப்ரோப் உட்காருவது ஒரு முகவரியில். நாம் கொடுப்பதோ ஒரு பெயர். பெயரிலிருந்து முகவரிக்குப் போகும் வழியில்தான் கோளாறுகள் எல்லாம்.

பெயர் ஒன்றுதான் இருக்கும் என்று நம்புவது முதல் தவறு. கெர்னலில் ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களுக்கு (அந்தந்தக் கோப்புக்குள் மட்டும் தெரிபவை) ஒரே பெயரைப் பல கோப்புகளில் வைத்திருப்பார்கள். டி_ஷோ என்ற பெயரை, கெர்னலின் பெயர்-முகவரிப் பட்டியலான கால்ஸிம்ஸ் கோப்பில் தேடிப் பாருங்கள். ட்ரேசிங் பகுதியிலேயே ஒன்றுக்கு மேல் இருக்கும். இந்தப் பெயரை, கெர்னலிடம் நேராக ப்ரோப் கேட்கும் கேப்ரோப்_ஈவன்ட்ஸ் கோப்பில் நேரடியாக எழுதினால், பழைய கெர்னல்கள் எதுவும் சொல்லாமல் ஒன்றைப் பிடித்து அதில் ப்ரோப் வைத்துவிடும். அது நாம் நினைத்த டி_ஷோவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2023 அக்டோபரில்தான், பல ஸிம்பல்கள் (முகவரி கொண்ட பெயர்கள்) பொருந்தினால் பிழை கொடுத்து மறுக்கும்படி கெர்னலைத் திருத்தினார்கள். பழைய ஸ்கிரிப்ட் திடீரென்று வேலை செய்யாமல் போனால் எரிச்சல் வரும்தான். ஆனாலும் இது நல்ல மாற்றம்; அந்த ஸ்கிரிப்ட் இதுவரை தந்த எண்களையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

பெர்ஃப் இதற்கு 2014லேயே வழி கண்டுவிட்டது. ஃபங்ஷன் பெயரை அப்படியே அனுப்பாமல், _டெக்ஸ்ட் என்ற தொடக்க ஸிம்பலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு அனுப்பும். வெர்போஸ் ஆப்ஷன் போட்டு ஓட்டினால் அந்த வரியைக் கண்ணால் பார்க்கலாம்: முதலில் பி, பிறகு குழுவும் ஈவன்ட் பெயரும், கடைசியில் _டெக்ஸ்ட் கூட்டல் ஒரு பெரிய எண். ஒரே பெயரில் நாலு ஃபங்ஷன் இருந்தால், பெர்ஃப் நாலிலும் ப்ரோப் வைத்து, பெயருக்குப் பின்னால் _1, _2 என்று சேர்த்துக்கொண்டே போகும். திரையில் வந்த பட்டியலை முழுதாகப் படிக்காமல் முதல் ஈவன்ட்டை மட்டும் ரெகார்ட் செய்பவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். டீபக் இன்ஃபோ (முகவரியை மூலக் கோப்பின் வரியோடு இணைக்கும் தகவல்) இருந்தால், பெயருக்குப் பின் அட் குறி போட்டு மூலக் கோப்பின் பாதையையும் கொடுத்துவிடுங்கள். குழப்பம் அதோடு தீர்ந்தது.

அடுத்தது இன்லைன். கம்பைலர் ஒரு சின்ன ஃபங்ஷனை அழைத்த இடத்திலேயே கரைத்துவிட்டால், அந்தப் பெயரில் முகவரியே இருக்காது. அப்போது பிழை வரும், பரவாயில்லை. சில இடங்களில் கரைத்து, சில இடங்களில் தனியாக விட்டிருந்தால்தான் ஆபத்து. டீபக் இன்ஃபோ இல்லாமல் வைத்த ப்ரோப் தனிப் பிரதியில் மட்டும் உட்காரும். எண்ணிக்கையும் வரும், பார்க்க நியாயமாகவும் இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. பூஜ்யத்தைவிட இது மோசம், ஏனென்றால் யாருக்கும் சந்தேகமே வராது. டீபக் இன்ஃபோ இருந்தால் பெர்ஃப் கரைந்த இடங்களையும் தேடிப் பிடித்து ஒவ்வொன்றிலும் ப்ரோப் வைக்கும். ஃபங்ஷன் முடிந்து திரும்பும்போது பதியும் ரிட்டர்ன் ப்ரோப்பை மட்டும் அப்படி வைக்க முடியாது. கரைந்த ஃபங்ஷன் எங்கிருந்தும் "திரும்புவதில்லை". பெயரின் பின்னால் ஐஎஸ்ஆர்ஏ, கான்ஸ்ட்ப்ராப், பார்ட், கோல்ட் என்று வால் ஒட்டியிருந்தால், அது கம்பைலர் வெட்டி மாற்றிய பிரதி. ஆர்க்யூமென்ட்டுகள் மூலக் கோடில் இருக்கும் வரிசையிலேயே ரெஜிஸ்டரில் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

டீபக் இன்ஃபோவை நம்புவதானால், அது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுடையதாக இருக்க வேண்டும். அப்டேட் போட்டு ரீபூட் செய்யாத மெஷினில் டிஸ்கில் புது விஎம்லினக்ஸ் (கெர்னலின் கோப்பு) இருக்கும், மெமரியில் பழைய கெர்னல் ஓடும். பதிப்பு எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பெர்ஃப் பில்ட்ஐடி-லிஸ்ட் கட்டளையில் கெர்னல் ஆப்ஷன் போட்டுக் கிடைக்கும் பில்ட் ஐடியையும் (ஒவ்வொரு பில்டுக்கும் உள்ள தனி அடையாளம்), விஎம்லினக்ஸ் கோப்பின் ஐடியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ப்ரோப்பை வைக்காமல் அதன் வரையறையை மட்டும் காட்டும் டெஃபினிஷன் ஆப்ஷனோடு விஎம்லினக்ஸையும் கொடுக்கும்போது, அது வேறு மெஷினுக்கானது என்று கருதி பெர்ஃப் இந்த ஒப்பீட்டைச் செய்யாது. அங்கே பொறுப்பு முழுக்க நம்முடையது.

புரோகிராம்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால் பக்கம் வந்தால் இன்னொரு பொறி. எக்ஸ்86-64இல் 4.17 கெர்னலிலிருந்து சிஸ்டம் கால் ஃபங்ஷன்களின் பெயர் __எக்ஸ்64_சிஸ் என்று தொடங்குகிறது. பெயர் மாறியதை எல்லாரும் கவனித்துவிடுகிறார்கள். உள்ளே மாறியதைக் கவனிப்பதில்லை. இப்போது முதல் ஆர்க்யூமென்ட், பயனர் ரெஜிஸ்டர்களைச் சேமித்து வைத்த கட்டமைப்புக்கான பாயிண்டர். அதை ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பின் எண்) என்று அச்சிட்டால் குப்பை எண்தான் வரும். சிஸ்டம் காலின் நுழைவு மட்டும் வேண்டுமென்றால் ப்ரோப்பே வேண்டாம், அதற்கென்றே நிலையான ட்ரேஸ்பாயிண்ட் (கெர்னல் கோடிலேயே எழுதி வைத்த பதிவு இடம்) இருக்கிறது.

கோப்பின் பெயரை எடுக்கும்போது அடைப்புக்குறிக்குள் ஃபால்ட் என்று வருவதையும் பலர் பார்த்திருப்பார்கள். ஓப்பன் சிஸ்டம் காலின் நுழைவில் இருக்கும் பெயர் பயனர் மெமரியில் இருக்கிறது. ஸ்ட்ரிங் வகை கெர்னல் மெமரிக்கானது; பயனர் மெமரிக்கு யுஸ்ட்ரிங் என்று தனி வகை உண்டு. அதைப் போட்டாலும், பெயர் இருக்கும் மெமரிப் பக்கம் (பேஜ்) இன்னும் மெமரிக்குள் வராமல் இருந்தால் ஃபால்ட்தான், ஏனென்றால் ப்ரோப் ஹேண்ட்லர் பக்கத்தை வரவழைத்துக் காத்திருக்க முடியாது. சரியான வழியை பெர்ஃப்பின் சொந்த டெஸ்ட்டிலேயே பார்க்கலாம். கெட்நேம்_ஃப்ளாக்ஸ் ஃபங்ஷனின் நடுவே, பெயரைக் கெர்னலுக்குள் நகல் எடுத்து முடித்த பிறகு வரும் வரியில் ப்ரோப் வைத்து, ரிசல்ட்டின் நேம் புலத்தைப் படிக்கிறார்கள். வரி எண்ணைக் கெட்டியாக எழுதி வைக்காமல், லைன் ஆப்ஷன் காட்டும் மூலத்தில் அந்த வரியைத் தேடி எண்ணை எடுக்கிறார்கள்.

பவர் சிப்பின் 64-பிட் லிட்டில் எண்டியன் கெர்னலில் ஒரு ஃபங்ஷனுக்கு இரண்டு வாசல்கள் இருக்கலாம்: குளோபல், அதிலிருந்து 8 பைட் தள்ளி லோக்கல். கெர்னலுக்குள்ளேயே நடக்கும் அழைப்புகள் நேராக லோக்கல் வாசலுக்குப் போய்விடும். டீபக் இன்ஃபோவோ குளோபல் வாசலைக் காட்டும். அதில் வைத்த ப்ரோப் வாயே திறக்காது. பெர்ஃப்பில் இதை 2015, 2016 வாக்கில் திருத்திவிட்டார்கள். இருந்தும் கையால் முகவரி எழுதுபவர்கள் இன்றும் இதில் விழலாம்.

ரிட்டர்ன் ப்ரோப்பில் எண்ணிக்கை குறைந்தால் கேப்ரோப்_ப்ரொஃபைல் கோப்பைத் திறங்கள். ஈவன்ட் பெயர், பட்ட எண்ணிக்கை, தவறிய எண்ணிக்கை என்று மூன்று நெடுவரிசைகள் இருக்கும். திரும்பும் முகவரியைச் சேமித்து வைக்க ஒரே நேரத்தில் இத்தனை என்று ஓர் அளவு உண்டு. கோப்பைப் படிக்கும் விஎஃப்எஸ்_ரீட் போல உள்ளே போய்த் தூங்கும் ஃபங்ஷனில் நிறைய த்ரெட்டுகள் காத்திருந்தால் அந்த அளவு தீர்ந்து, மற்ற அழைப்புகள் தவறியவற்றில் சேரும். கேப்ரோப்_ஈவன்ட்ஸில் எழுதும்போது ஆர் எழுத்துக்குப் பின்னால் எண் கொடுத்து அளவை உயர்த்தலாம்.

ப்ரோப்பே வைக்க முடியாத ஃபங்ஷன்களும் உண்டு. கெர்னலின் உள் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸின் கேப்ரோப்ஸ் கோப்பகத்தில் பிளாக்லிஸ்ட் கோப்பைப் பாருங்கள், சுற்றுவழி தேட வேண்டாம். அதே கோப்பகத்தில் உள்ள லிஸ்ட் கோப்பு, ஒவ்வொரு ப்ரோப்பும் உண்மையில் எந்த ஃபங்ஷனில், எத்தனை பைட் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும். கான் என்று குறித்திருந்தால் ப்ரோப் இருந்த மாட்யூலின் (தனியாக ஏற்றி இறக்கும் கெர்னல் பகுதி) கோடு மெமரியிலிருந்து போய்விட்டது.

அப்புறம், விடை தெரிந்த ஒரு வேலையை ஓட்டிப் பாருங்கள். விஎஃப்எஸ்_ரீட்டில் ப்ரோப் வைத்து, ஈவன்ட்டுகளை எண்ணும் பெர்ஃப் ஸ்டாட்டின் கீழ் டிடி கட்டளையை ஓட்டி, ஜீரோ டிவைஸிலிருந்து நல் டிவைஸுக்கு 1000 பிளாக் நகல் எடுக்கச் சொல்லுங்கள். லைப்ரரிகளை ஏற்றும்போது நடக்கும் சில ரீடுகளும் சேர்ந்து 1000க்குச் சற்று மேலே வர வேண்டும். 0 வந்தாலோ 2000 வந்தாலோ, சிக்கல் உள்ள சர்வர் பக்கம் போவதற்கு முன் லிஸ்ட் கோப்பைத் திறந்து முகவரியைப் பாருங்கள்.