தேர்வுக் காலத்தில் நாயோடு பத்து நிமிடம்: எங்கே பிசகுகிறது?

படிப்பு நெருக்கும்போது நாயைத் தடவினால் மனம் இளகும் என்பது வெறும் பேச்சில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 249 மாணவர்களை நான்கு பிரிவாக்கிப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினர் பத்து நிமிடம் நாய், பூனைகளைத் தொட்டு விளையாடினார்கள். இன்னொரு பிரிவினர் வரிசையில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு அதே பிராணிகளின் படங்கள் மட்டும் காட்டப்பட்டன. நான்காம் பிரிவினர் சும்மா காத்திருந்தார்கள். பிறகு உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தபோது, தொட்டு விளையாடியவர்களுக்கே அது குறைவாக இருந்தது.

முதல் தவறு இங்கேயே தெரிகிறது. கிடைப்பது பத்து நிமிடம், அதில் ஏழு நிமிடம் செல்ஃபிக்குப் போனால் நீங்களும் அந்த வேடிக்கை பார்த்த வரிசையில் நின்றவர்தான். போனைப் பையில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். பலன் கைவழியாக வருகிறது.

அடுத்தது, இந்த ஆய்வின் நம்பிக்கையில் புதுச்சேரி காலாப்பட்டுப் பல்கலைக்கழக வளாகத்து நாயையோ கடலூர் சில்வர் பீச்சில் மணலில் படுத்திருக்கும் நாயையோ போய்க் கட்டிப்பிடிப்பது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் வரும் நாய்கள் குணம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை, பக்கத்தில் பொறுப்பாளர் இருப்பார். தெருநாய்க்கு உங்கள் தேர்வைப் பற்றி என்ன கவலை? காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது என்று பொருள். அப்போது வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள், ஆனால் அது எந்த வருடம் என்று காது சொல்லாது. தடுப்பூசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டு நாய், அட்டையில் ஊசித் தேதி பார்த்த நாய், அதுதான் சரியான தொடக்கம்.

வீட்டு நாயாக இருந்தாலும் அணுகும் முறையில்தான் பலர் கெடுக்கிறார்கள். தலைக்கு மேலே கையை நீட்டுவது, குனிந்து முகத்தோடு முகம் வைப்பது, கட்டி அணைப்பது இவை மனிதர்க்குப் பாசம், நாய்க்கு நெருக்கடி. பக்கவாட்டில் உட்காருங்கள், நாயே வந்து மோந்து பார்க்கட்டும். மார்பிலோ கழுத்தின் ஓரத்திலோ மூன்று விநாடி மெதுவாகத் தடவிவிட்டுக் கையை எடுங்கள். நாய் நெருங்கி வந்து கையை முட்டினால் தொடரலாம். அப்படியே நின்றாலோ முகத்தைத் திருப்பினாலோ விட்டுவிடுங்கள். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, எதிரே உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை உள்ளே இடுக்குவது எல்லாம் ‘போதும்’ என்ற சைகைதான். வாலாட்டுவதும் எப்போதும் சிநேகமில்லை: உடல் விறைத்து, வால் நுனி மட்டும் வெடவெடவென்று ஆடினால் விலகுங்கள். உறுமும் நாயை அதட்டாதீர்கள். எச்சரிக்கையை அடக்கப் பழகிய நாய் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும்.

கல்லூரியில் ‘நாய்களோடு ஒரு மணி’ மாதிரி நிகழ்ச்சி நடத்துபவர்கள் கூட்டத்தைக் கணக்கிடுவதில்லை. ஒரு நாய்க்கு ஒரே நேரத்தில் நாலைந்து பேர், ஒரு குழுவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாய்க்கு மொத்தம் ஒரு மணி நேரம் போதும். நடுவில் தண்ணீரும் ஒதுங்க ஒரு மூலையும் வேண்டும். நாய்க்குப் பயப்படும் மாணவரை ‘ஒண்ணும் பண்ணாது, தொடு’ என்று தள்ளுவது அபத்தம், அவருடைய மன அழுத்தம்தான் ஏறும். எங்கள் கடலோர வெயிலும் கணக்கில் வர வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் இரைத்து இரைத்துச் சூட்டைத் தணிக்க நாயால் முடியாது. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அந்தத் தரை நாயின் பாதத்துக்கும் ஆகாது. வண்டிகள் ஓடாத அதிகாலைப் புதுச்சேரி கடற்கரைச் சாலை நடைக்கு ஏற்றது.

தீனியிலும் பிழை. மெஸ்ஸில் மிஞ்சிய சாம்பார் சாதத்தில் வெங்காயம் உண்டு, அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட், திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சுகர்ஃப்ரீ சூயிங்கம் விஷம். வெந்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும். வேகவைத்த முட்டையோ உப்பில்லாத வெறும் சோறோ நல்லது, அதையும் நாய்க்காரரைக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

பல்லோ நகமோ பட்டுவிட்டால் செய்யும் தவறுகள்தான் உயிரோடு விளையாடுபவை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவுங்கள். அன்றே மருத்துவமனை. முதல் ஊசி நாளை 0 என்று கொண்டால், வெறிநோய்த் தடுப்பூசி தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாள்களில், தசையில் போடும் முறையில் 14-ம் நாளும் சேரும். பல் இறங்கி ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற உடனடி எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும், அதை நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள். ‘குட்டிதானே’ என்பதும் ‘இன்டர்னல் எக்ஸாம் இருக்கு, மூணாவது ஊசியை அப்புறம் பாத்துக்கலாம்’ என்பதும் ஆபத்தான சமாதானங்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். காயமில்லாத தோலை நாய் நக்கியதற்கு மட்டும் ஊசி தேவையில்லை, கழுவினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையும் நவம்பர் தேர்வும் இங்கே சேர்ந்தே வரும். தேங்கிய நீரில் நாய், எலிகளின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் பரவ வழியுண்டு. காலில் வெடிப்போடு செருப்பில்லாமல் அதில் நடக்காதீர்கள். விளையாடி முடித்ததும் நாயின் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள், உங்கள் கையையும் கழுவுங்கள்.

அழுத்தம் தாங்காமல் வாடகை அறையில் ஒரு குட்டியை வாங்கி வைப்பது பெரிய தவறு. உங்கள் படிப்பு மூன்று வருடம், அதன் ஆயுள் பத்து முதல் பதினைந்து வருடம். ராத்திரி ஊளை, வீட்டுக்காரர் சண்டை, ஊசிச் செலவு எல்லாம் புது அழுத்தம். முன்பே குட்டி வந்துவிட்டதென்றால் புதுச்சேரி குருமாம்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி, மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி போடுங்கள்.

இன்னொன்று, அளவு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில், நாய்களோடு இருந்ததால் வந்த நிம்மதியின் பெரும்பகுதி சுமார் பத்து மணி நேரத்தில் மங்கிவிட்டது. அன்றைய படபடப்புக்கு அது போதும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் நாயிடம் போவதோடு நிறுத்தாமல் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.