மலையேறும்போது கியர்பாக்ஸ் வழுக்கினால்

அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபீனிக்ஸிலிருந்து ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு ஐ-17 நெடுஞ்சாலையில் சுமார் 145 மைல்தான். ஆனால் ஃபீனிக்ஸ் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது, ஃப்ளாக்ஸ்டாஃப் 6,900 அடியில். பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். போன ஜூலையில் என் 2002 செவர்லே சில்வராடோ பிக்கப்பில் 4,500 பவுண்டு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு அங்கே ஏறினேன். ஆக்ஸிலேட்டரில் வைத்த காலை அசைக்கவே இல்லை. ஆர்பிஎம் முள் மட்டும் 300 ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் ஒன்றிலிருந்து இரண்டாவது கியர் விழும்போதெல்லாம் முதுகில் ஓர் உதை.

ஊர் திரும்பி ஒரு பட்டறையில் காட்டினேன். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கி முழுசாகக் கட்டணும், 3,800 டாலர்" என்றார்கள். அது தேவைப்படவில்லை. இந்த வண்டியில் இருப்பது 4எல்60-இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். என்ன கோளாறு என்பதை அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும், பொறுமையாகக் கேட்டால் போதும்.

முதலில் கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள். வண்டி நன்றாகச் சூடாகி, சமதளத்தில், பார்க்கில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடுங்கள். புது ஆயில் ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பாக இருக்கும். பழுப்பேறியிருந்தால் வயசு, அவ்வளவுதான். கறுத்து, கருகிய நெடி அடித்தால் க்ளட்ச் எரிந்திருக்கிறது. எசன்ஸாக இல்லாமல் பால் கலந்த ரோஸ்மில்க்காகவே இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துவிட்டது. வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

அப்புறம் எந்த கியர் இருக்கிறது, எது இல்லை என்று கவனியுங்கள். ஒன்றும் இரண்டும் ரிவர்ஸும் சரியாக இருந்து, மூன்றாவது விழும்போது இன்ஜின் மட்டும் அலறினால், மூன்றுக்கும் நான்குக்கும் பிடிக்கும் 3-4 க்ளட்ச் தேய்ந்திருக்கிறது. இந்தப் பெட்டியில் அதிகம் போவது அதுதான். ரிவர்ஸ், இரண்டு, நான்கு மூன்றும் சேர்ந்து போய்விட்டால் உள்ளே சன் ஷெல் என்ற கிண்ணம் போன்ற பாகம் உடைந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் வண்டி மூன்றாவது கியரிலேயே கிளம்பி அதிலேயே ஓடினால், பெட்டியைத் தொடும் முன் ஃபியூஸையும் வயர் கனெக்டரையும் பாருங்கள். கியர் மாற்றும் இரண்டு சோலினாய்டுக்கும் (கரண்டில் இயங்கும் வால்வு) கரண்ட் போகாவிட்டால் இந்தப் பெட்டி மூன்றில்தான் நிற்கும்.

என் வண்டியில் எல்லா கியரும் இருந்தன. ஆயில் பழுப்பு, நெடி இல்லை. அதனால் பிரேக் சோதனை செய்தேன். சமமான சாலையில் 55 மைல் வேகத்தில் ஒரே சீராகப் போகும்போது, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலை இடது காலால் தொடுங்கள். இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது டார்க் கன்வர்டர்; சீரான வேகத்தில் அதற்குள் இருக்கும் க்ளட்ச் இரண்டையும் நேராகப் பூட்டிவிடும். அப்படிப் பூட்டியிருந்தால் அந்த நொடியில் அது விடுபட்டு ஆர்பிஎம் சில நூறு ஏறும். காலை எடுத்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளும். காலையில் வண்டி குளிர்ந்திருந்தபோது எனக்கு அப்படியே நடந்தது. ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேறிய பிறகு செய்தபோது எந்த மாற்றமும் இல்லை, அதாவது கன்வர்டர் பிடிக்கவே இல்லை. ஸ்கேனரில் வந்த பிழை எண் பி1870, அதாவது கியர்பாக்ஸுக்குள் ஏதோ வழுக்குகிறது.

காரணம் எளிது. கன்வர்டர் க்ளட்சுக்குப் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தும் வால்வு, வால்வ் பாடியின் (ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுகள் எல்லாம் இருக்கும் பாகம்) அலுமினியத் துளைக்குள் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் துளை தேய்கிறது. ஆயில் சூடாகி நீர்த்ததும் அந்த இடைவெளியில் அழுத்தம் கசிந்துவிடுகிறது. க்ளட்ச் வழுக்குவதைக் கண்ட கம்ப்யூட்டர், பெட்டியைக் காப்பாற்ற ஆயில் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றுகிறது. முதுகில் விழுந்த உதை அதுதான்.

வால்வ் பாடியை மாற்ற பெட்டியை இறக்க வேண்டாம். பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் பேனை (தட்டு) கழற்றினால் கைக்கு எட்டும். துளையைக் கடைந்து பெரிய வால்வு போடலாம், ஆனால் அந்தக் கருவி விலை அதிகம். அப்படிச் செப்பனிட்ட வால்வ் பாடியாகவே வாங்கினேன். பேனில் இருக்கும் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை இயல்பு, உலோகச் சீவல் இருந்தால் உள்ளே வேறு சேதம் இருக்கிறது. வால்வ் பாடியை இறக்கும்போது சிறு உருண்டைகள் உதிரும். எது எந்தக் குழியில் இருந்தது என்று முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது அவை விழாமலிருக்கக் கொஞ்சம் வாஸ்லைன் போதும், வீல் கிரீஸ் கூடாது. கேஸ்கெட்டில் 'வி' என்று இருப்பது வால்வ் பாடி பக்கம், 'சி' பெட்டியின் பக்கம். மாற்றிப் போட்டால் பாதைகள் அடைபடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, 8 அடி-பவுண்டுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். கைக்கணக்கு வேண்டாம், அலுமினிய மரை சட்டென்று போய்விடும். புது ஃபில்டர், சுமார் 5 குவார்ட் டெக்ஸ்ரான் 6 ஆயில். ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது.

வேலை அத்தோடு முடியவில்லை. இழுவை வண்டியின் கியர்பாக்ஸைக் கொல்வது சூடு. ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு கூலர் வைத்தேன். ஆயில் முதலில் ரேடியேட்டர், பிறகு இந்தக் கூலர், அப்புறம் பெட்டி என்று போகிற மாதிரி. ஏற்றத்தில் இப்போது லீவரை 3-இல் வைத்துவிடுகிறேன். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே வண்டி அலைபாயும் ஒவ்வொரு தடவையும் 3-4 க்ளட்ச்தான் தேய்கிறது.

செப்டம்பரில் அதே ட்ரெய்லரோடு அதே ஏற்றம். முன்பு 235 ஃபாரன்ஹீட் காட்டிய கியர்பாக்ஸ் சூட்டு மீட்டர் 200-ஐத் தாண்டவில்லை. மேலே சன்செட் பாயின்ட் ஓய்விடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் டிப்ஸ்டிக்கை உருவி டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டேன். சிவப்பு.