மாண்ட்கோமரிக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரிக்கு வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஊரைச் சுற்றிக் காட்டுவது பல ஆண்டுகளாக என் பொறுப்பாக இருந்துவருகிறது. குடிவந்த புதிதில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. தொப்பி, தண்ணீர் பாட்டில் போன்றவற்றை ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

நினைவிடத்துக்குக் கடைசி அரை மணி நேரத்தை ஒதுக்குவது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அட்லாண்டாவிலிருந்து ஏறத்தாழ 160 மைல் கார் ஓட்டி வருகிறவர்கள், மதிய உணவை நிதானமாக முடித்து, ஆற்றங்கரையில் உலாவிவிட்டு, மூடும் நேரம் நெருங்கும்போதுதான் அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடத்தின் வாசலுக்குப் போகிறார்கள். 1877 முதல் 1950 வரை வெள்ளையர் கும்பல்கள் தூக்கிலிட்டும் சுட்டும் எரித்தும் கொன்ற 4,400க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்காக, ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பு 2018இல் திறந்த இடம் அது.

கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் (மாநிலத்தின் மாவட்டம் போன்ற பிரிவு) ஒன்றாக, 800க்கும் மேற்பட்ட துருநிற எஃகுத் தூண்கள் அங்கே உள்ளன. நுழைந்தவுடன் அவை கண்ணுக்கு நேராக நிற்பதால் பெயரையும் தேதியையும் எளிதாகப் படிக்கலாம். நடக்க நடக்கத் தரை சரிந்து இறங்குகிறது. தூண்களோ இருந்த உயரத்திலேயே நின்றுவிட, கடைசியில் அவை தலைக்கு மேல் தொங்குகின்றன, ஒரு பெயரைப் படிக்கவும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சிலவற்றில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அறியப்படாதவர்’ என்றே பொறித்திருக்கிறார்கள்.

ஒரு கோடையில் வந்த குடும்பத்தினர், முதல் கூடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று திரும்பிவிட்டார்கள். தரை இறங்குவதே அவர்களுக்குத் தெரியாது. இரவு சாப்பிடும்போது, “இரும்புத் தூண்களை நட்டு வைத்திருக்கிறார்கள்” என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அவ்வளவு தூரம் வந்தும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே போனார்கள்.

காலையில் முதலில் அதே அமைப்பு நடத்தும் லெகசி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கொலை நடந்த இடங்களில் அள்ளிய மண்ணைக் கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பி, இறந்தவரின் பெயரையும் ஊரையும் எழுதி அங்கே அடுக்கியிருக்கிறார்கள். சிவந்த மண், கறுத்த மண், வெளிறிய மணல் என ஒவ்வொன்றும் ஒரு நிறம். அதைப் பார்த்தபின் நினைவிடத்துக்குப் போனால் அந்தத் தூண்களைப் படிக்கும் விதமே வேறாக இருக்கும். இரண்டுக்கும், 2024இல் ஆற்றோரம் திறந்த சிற்பப் பூங்காவுக்கும் ஒரே நுழைவுச்சீட்டுதான். திங்களும் செவ்வாயும் மூடியிருப்பது வழக்கம் என்பதால் புறப்படும் முன் நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரோசா பார்க்ஸ் அமர்ந்திருந்த பேருந்தை இங்கே தேடுவது

அது மிச்சிகனில் இருக்கிறது. வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்ததற்காக 1955 டிசம்பர் 1 அன்று அவர் கைதான இடத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் அதன் மாதிரியைப் பார்க்கலாம்.

டெக்ஸ்டர் அவென்யூவைக் காரில் கடப்பது

ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தெரு இது, நடந்தால்தான் புரியும். அடிமைகளை ஏலம் விட்ட கோர்ட் சதுக்கத்தில் தொடங்கி மேட்டில் ஏறினால், மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்து, பார்க்ஸ் கைதானதை எதிர்த்து நடந்த 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பை வழிநடத்திய செங்கல் தேவாலயம் வருகிறது. அதற்கு மிக அருகிலேயே மாநில அரசின் தலைமைக் கட்டடமான கேபிட்டல். அடிமை முறையைக் காக்கப் பிரிந்த மாநிலங்களின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் 1861இல் பதவியேற்ற இடத்தை அதன் முகப்பில் ஒரு பித்தளை நட்சத்திரம் காட்டுகிறது. 1965 மார்ச் 25 அன்று, வாக்குரிமை கேட்டு செல்மா என்னும் ஊரிலிருந்து நடந்து வந்தவர்களிடம் கிங் உரையாற்றியதும் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுகளுக்கு எதிரில்தான்.

ஜூலை மதியத்தில் நடப்பது

வேண்டாம்.

நேர வேறுபாட்டை மறப்பது

இங்கு நேரம் அட்லாண்டாவைவிட ஒரு மணி பின்தங்கியது. வரும்போது கிடைத்த அந்த மணி திரும்பும்போது கைவிட்டுப் போகும். விமானம் பிடிக்க வேண்டியவர்கள் அதைக் கணக்கிட்டே கிளம்ப வேண்டும்.