செங்கோட்டையிலிருந்து கொல்லம் வரை: ஜோடியாகச் சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளியூர்ப் பயணத்தில் சாப்பாடு சொதப்பினால் முக்கால்வாசி நேரம் குற்றம் கடையுடையது இல்லை, போன நேரத்துடையது. அருவியில் ரெண்டரை மணி வரை நின்றுவிட்டு மூன்றேகாலுக்கு மீன் சாப்பாடு தேடினால், ஆறிய சோறும் அடிச்சட்டிச் சாறும்தான் கிடைக்கும். அதனால் பார்க்க வேண்டிய இடங்களை எழுதும் முன் அடுப்பு நேரத்தை எழுதுங்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், புட்டும் ஆப்பமும் காலை 7 முதல் 9.30 வரை. ஊணு என்கிற மதியச் சாப்பாடு 12.30 முதல் 2 வரை. அதற்குப் பிறகு சோறு இருக்கும், நல்ல மீன் துண்டு இருக்காது. செங்கோட்டையை ஒட்டிய பிரானூர் பார்டர் பரோட்டாவுக்கு இருட்டிய பிறகு. இந்த மூன்றுக்கும் நடுவே அருவி, அணை, பாலம் எல்லாவற்றையும் செருகிக்கொள்ளலாம்.

அடுத்தது வயிற்றுக் கணக்கு. இரண்டு பேர்தானே போகிறீர்கள்? ஒரு நாளைக்கு ஒரு பெரிய சாப்பாடு போதும். மத்தியானம் கொல்லத்தில் மீன் என்றால் காலையில் ஒரு குழல் புட்டும் ஒரு கடலைக்கறியும் வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். மூன்று வேளையும் மூக்கு முட்டச் சாப்பிட்டால் இரண்டாம் நாள் யாருக்கும் எதுவும் ருசிக்காது, சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை வரும்.

எந்த மாதம் போவது

எல்லோரும் குற்றாலச் சீசனில்தான் கிளம்புவார்கள். ஜூன், ஜூலையில் சாரலும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் உண்டு. ஆனால் கடல் மீனுக்கு அது மோசமான காலம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டு வள்ளங்கள் கொண்டுவரும் சாளை, அயிலை, நெத்திலி அப்போதும் வரும், விலைதான் கூடும். நெய்மீன் (வஞ்சிரம்) வேண்டும் என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் ஐஸில் கிடந்ததுதான் தட்டுக்கு வரும். அந்த ரெண்டு மாதமும் அஷ்டமுடிக் காயலின் கரிமீனையும் கக்கா என்ற மட்டியையும் கேளுங்கள். இந்தியாவில் முறையான மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. (மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) சான்றிதழை முதலில் வாங்கியதே அஷ்டமுடிக் கக்காதான், 2014இல்.

கார்த்திகை பிறந்து தை முதல் வாரம் வரை இந்தச் சாலை சபரிமலை பக்தர்களுடையது. ஆரியங்காவு, அச்சன்கோவில் பக்கம் சைவக் கடைகளில் இடம் கிடைக்காது, வண்டியும் நகராது. திருவோணத்தன்று சின்ன ஊணுக் கடைகள் மூடியிருக்கும். பெரிய ஓட்டல்களில் முன்பதிவு செய்தால்தான் சத்யை என்கிற ஓண விருந்து. ஹர்த்தால் (கடையடைப்பு) அறிவித்திருக்கிறார்களா என்று முந்தின இரவு பார்த்துக்கொள்வதும் நல்லது. அன்று டீக்கடைகூடத் திறக்காமல் போகலாம். எங்களைக் கேட்டால் செப்டம்பர் கடைசியும் பிப்ரவரியும்தான் ஜோடிகளுக்கு ஏற்ற மாதங்கள்.

மலை ஏறும் முன் பரோட்டா வேண்டாம்

போகும்போதே பார்டரில் வண்டியை நிறுத்தி நாலு பரோட்டா, நாட்டுக்கோழி மிளகுக் கறி என்று கட்டுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த அரை மணியில் புளியரை தாண்டி எஸ் வளைவு வரும். மைதாவும் எண்ணெயும் நிறைந்த வயிற்றோடு அந்த வளைவுகளில் பின் சீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்டரைத் திரும்பி வரும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் முடிந்திருக்கும், பசியும் இருக்கும், ஊரும் பக்கத்தில்.

அங்கே வாங்கும் முறை ஒன்று உண்டு. ஆளுக்கு இரண்டு பரோட்டாதான் முதலில். பரோட்டா கல்லிலிருந்து இறங்கிய பத்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும். நாலையும் ஒரேயடியாக வாங்கினால் கடைசி இரண்டும் ரப்பர். பிய்த்துப் போட்டு அதன் மேல் சால்னா ஊற்றச் சொல்லுங்கள். சுடச்சுட ஊறினால்தான் அடுக்கு பிரியும். நாட்டுக்கோழி எலும்பு அதிகம், கறி கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். பஞ்சு மாதிரி பிய்ந்தால் அது பிராய்லர். சீசனில் சனி, ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போனால் நின்றுகொண்டே காத்திருக்க வேண்டும், ஏழுக்குள் போய்விடுங்கள்.

கேரளப் பக்கம் ஒரு வித்தியாசம். பரோட்டாவுக்குச் சால்னாவும், ஆப்பத்துக்குச் சட்னியும் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடலைக்கறி, முட்டை ரோஸ்ட், மீன் கறி எதுவானாலும் தனியாகச் சொல்ல வேண்டும், தனியாக விலை. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் "ரோஸ்ட்", "ஃப்ரை" என்று மொட்டையாகச் சொல்லாமல் என்ன இறைச்சி என்று கேட்டுவிடுங்கள். ஆரியங்காவு, தென்மலை வரை தமிழே போதும். "சேட்டா, இது என்ன ஃப்ரை?" என்றால் சரியாகச் சொல்வார்கள். மேஜையில் இளஞ்சிவப்பாக வரும் வெந்நீரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், பதிமுகம் என்ற மரத்துண்டு போட்டுக் காய்ச்சியது.

கட்டிக்கொண்டு போகும் பொதிச்சோறு

தென்மலை அணைப் பக்கமோ, ரயிலில் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டும்போதோ சாப்பிட, வாழையிலையில் கட்டும் பொதிச்சோற்றுக்கு ஈடு கிடையாது. 1904இல் மீட்டர் கேஜாகத் தொடங்கிய இந்தப் பாதை, அகலப் பாதையாக மாறி 2018இல் முழுவதுமாகத் திறந்தது. மலைப்பகுதியில் ரயில் மெதுவாகத்தான் போகும், நிதானமாகச் சாப்பிடலாம். ரயில்கள் குறைவு என்பதால் நேரத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

இருவருக்கு 300 கிராம் அரிசி. கேரளச் சிவப்பரிசியான மட்டை அரிசி என்றால் நல்லது, குழையாது. வேகவைத்துக் கஞ்சியை நன்றாக வடித்து, அகலத் தட்டில் பத்து நிமிடம் ஆவி போக விடுங்கள். வாழையிலையை இளந்தீயில் காட்டி, பச்சை கருத்துப் பளபளப்பு வரும்வரை வாட்ட வேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போது நரம்பு வழியே கிழிந்துவிடும்.

சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையலுக்கு ஒரு மூடி தேங்காய்த் துருவல், சுட்ட வற்றல் மிளகாய் 5, சின்ன வெங்காயம் 4, கொட்டைப் பாக்களவு புளி, உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் அரைத்து உருண்டையாகப் பிடியுங்கள். தண்ணீர் விட்டால் மூன்று மணி நேரத்தில் புளிக்கும் வாடை வரும். தேங்காய்த் துருவலை வெறும் சட்டியில் ஈரம் போகும்வரை வறுத்துக்கொண்டால் இன்னும் தாங்கும். கூடவே ஒரு முட்டைப் பொரியல், பொரித்த சாளை நாலு, பயறுத் தோரன் (தேங்காய் போட்ட பொரியல்), மாங்காய் ஊறுகாய். தோரனை அடுப்பிலேயே நன்றாக வற்ற விட வேண்டும். முதலில் கெடுவது அதுதான். குழம்பு எதையும் இலைக்குள் ஊற்றாதீர்கள். மோரைத் தனிப் பாட்டிலில் எடுத்துக்கொள்ளலாம்.

சோற்றை வெதுவெதுப்பாக வைத்துக் கட்டுங்கள். கொதிக்கக் கொதிக்க மூடினால் வியர்த்து இலை வாடை சோறெல்லாம் ஏறிவிடும். வெளியே செய்தித்தாள் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். இன்னொரு வாட்டிய இலையே போதும். நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

கொல்லத்தில் மீன்

சின்ன ஊணுக் கடையில் மீன் சாறு சோற்றோடு சேர்ந்தே வரும், பொரித்த துண்டுக்குத் தனிக் காசு. ஆளுக்கு ஒரு ஊணு, நடுவில் இரண்டு வகைப் பொரித்த மீன், ஒரு தட்டு கப்பை (மரவள்ளிக்கிழங்கு). குடம்புளி போட்ட மண்சட்டிக் கறி அன்று வைத்ததைவிட முந்தின நாளுடையது ருசி. "நேற்றைய கறி" என்று சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம்.

கரிமீன் பொள்ளிச்சது சொல்லும்போது இரண்டு விஷயம். மெனுவில் விலைக்குப் பதில் "அளவைப் பொறுத்து" என்று போட்டிருந்தால் சமைக்கும் முன் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, விலையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பில் வந்தபிறகு பேசிப் பயனில்லை. செவுள் சிவப்பாக, கண் குழியாமல் இருக்க வேண்டும். பிறகு, மசாலா தடவி இலையில் சுற்றிக் கல்லில் இருபுறமும் வேக இருபது நிமிடமாவது ஆகும். ஐந்து நிமிடத்தில் வந்தால் காலையிலேயே பொரித்து வைத்ததைச் சூடாக்கியிருக்கிறார்கள். இலையைப் பிரித்ததும் நடுமுள்ளை ஒட்டி விரலால் மேல் பக்கச் சதையை எடுத்துவிட்டு, முள்ளை வால் பக்கமிருந்து முழுசாகத் தூக்குங்கள். கரிமீன் முள் பொல்லாதது, பேசிக்கொண்டே சாப்பிடும் மீன் இல்லை.

கள்ளுக்கடைச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டால், குடும்பத்தோடு உட்காரத் தனி அறை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாத கடையில் பெண்களுக்குச் சங்கடம்தான். வண்டி ஓட்டுகிறவர் கப்பையும் மீனும் மட்டும். பாட்டிலில் கள்ளை நிரப்பிக்கொண்டு புளியரை தாண்டாதீர்கள். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருக்கிறது.

கடல் தாண்டினால்

கொல்லத்தோடு நிற்காமல் வெளிநாடு போவதென்றால், செங்கோட்டைப் பக்கத்தினருக்குத் திருவனந்தபுரமும் மதுரையும்தான் பக்கத்து விமான நிலையங்கள். வெளிநாட்டிலும் அடுப்பு நேரம்தான் முதல் கணக்கு. இலங்கையில் ஆப்பத்தைக் காலையில் தேடினால் பல கடைகளில் இருக்காது, மாலையில்தான் சட்டி ஏறும். இருவரில் ஒருவர் சைவம் என்றால் அங்கே தேங்காய்ச் சம்பலிலேயே மாசிக் கருவாடு கிடக்கும்; மலேசியா, சிங்கப்பூரில் கீரை வதக்கலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். "இறைச்சி இல்லாமல்" என்றால் போதாது, "மீன், இறால், கருவாடு எதுவும் வேண்டாம்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பினாங்கில் நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய சாப்பாடு. குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்வதுதான் அதன் முறை. தட்டைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள், அதனால் இருவரும் ஒரு தட்டில் இறாலையும் மீன் முட்டையையும் ஏற்றுவதற்கு முன் விலை கேளுங்கள். சிங்கப்பூரில் ஹாக்கர் சென்டர் என்கிற பொது உணவுக் கூடத்தில் ஒருவர் மேஜையைப் பிடிக்க, மற்றவர் வரிசையில் நிற்பது சுலபம். தனியாகப் போகிறவர்கள் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிப்பார்கள். அப்படி ஒன்று கிடந்தால் அந்த மேஜை ஆள் உள்ளது. சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது கட்டாயம்.

சிங்கப்பூர் ரெஸ்டாரெண்ட் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேரும், 100 டாலர் சாப்பாடு 119.90 ஆகும். அதற்கு மேல் டிப்ஸ் தேவையில்லை. கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயில் எடுக்கவா என்று கேட்டால், உள்ளூர்ப் பணத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் கூடுதலாக ஒரு பங்கு போய்விடும்.