தொலைந்துபோன கழித்தல் குறி: ஹப்பார்டு மாதிரியைக் கணினியில் தீர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு மாணவி தன் நிரல் தந்த விடைகளைக் கொண்டுவந்து காட்டினார். எட்டுத் தள வளையம், எட்டு எலக்ட்ரான்கள், ஹப்பார்டு மாதிரி: தளத்துக்குத் தளம் தாவும், ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்களின் மிகக் குறைந்த ஆற்றலைத் தேடும் கணக்கு. வரைபடம் வழவழவென்று இறங்கியது. அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. "விலக்கத்தைச் சுழியம் ஆக்கிட்டு, நாலு தளத்துக்கு மட்டும் ஓட்டிப் பாரும்மா" என்றேன். திரையில் வந்த ஆற்றல், -4-க்குப் பதிலாக, -5.657. பதினோரு வருடங்களுக்கு முன்னால் என் திரையில் வந்த அதே எண்.

அலகு மாறிப்போவது, அணியில் ஒரு வரிசை விட்டுப்போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரே நாளில் தாமாகவே மாட்டிக்கொள்ளும்.

வளையத்தைச் சுற்றிவரும் எலக்ட்ரான்

1963-இல் வந்த ஹப்பார்டு மாதிரியின் விதிகள் இரண்டே. எலக்ட்ரான் பக்கத்துத் தளத்துக்குத் தாவலாம். ஒரே தளத்தில் இரண்டு சேர்ந்தால் விலக்க ஆற்றல் கூடும். விதி எளிது, கணக்குதான் கழுத்தை நெரிக்கும். ஒரு தளத்துக்கு நான்கு நிலைகள் (காலி, மேல் ஸ்பின், கீழ் ஸ்பின், இரண்டும்; ஸ்பின் என்பது எலக்ட்ரானின் காந்தத் திசை) என்பதால் 16 தளங்களுக்கு ஏறக்குறைய 430 கோடி நிலைகள். மேல் ஸ்பின் எட்டு, கீழ் ஸ்பின் எட்டு என்று எண்ணிக்கையைக் கட்டிப்போட்டாலும் 16 கோடிக்கு மேல் நிற்கும். அதனால் எல்லோரும் ஒவ்வொரு நிலையையும் 0, 1 என்ற பிட்டுகளாக எழுதி வைத்துக்கொள்கிறோம். எலக்ட்ரான் தாவினால் ஒரு பிட் அணையும், இன்னொன்று எரியும். அவ்வளவுதான் என்று தோன்றும்.

அவ்வளவு இல்லை. எலக்ட்ரான்கள் ஃபெர்மியான்கள். இரண்டு இடம் மாறினால் அலைச்சார்பின் (நிலையை விவரிக்கும் கணிதச் சார்பின்) குறி மாறும். தளங்களை 1, 2, 3, 4 என்று வரிசைப்படுத்தி வைத்தபின் 2-லிருந்து 3-க்குத் தாவும் எலக்ட்ரான் யாரையும் தாண்டுவதில்லை. ஆனால் வளையத்தை மூடும் தாவலில், அதாவது 4-லிருந்து 1-க்கு வருகையில், அதே ஸ்பின் உள்ள மற்ற எல்லா எலக்ட்ரான்களையும் தாண்டித்தான் வர வேண்டும். ஒருவரைத் தாண்டினால் ஒரு கழித்தல் குறி. ஆக, ஒரு ஸ்பினில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் அந்தத் தாவலுக்குக் கழித்தல், ஒற்றைப்படை என்றால் கூட்டல்.

இந்தக் குறியை விட்டுவிட்டால் நிரல் முனகக்கூடச் செய்யாது. தாவல்களையும் விலக்கத்தையும் எழுதிவைத்த அணி சமச்சீராகவே இருக்கும், அதன் ஐகன்மதிப்புகள் (அதாவது ஆற்றல்கள்) மெய்யெண்களாகவே வரும், எலக்ட்ரான் ஒன்றும் காணாமல் போகாது.

நான் சோதிக்காமல் விடவில்லை. ஆறு தளத்துக்குக் கையால் போட்ட விடை -8 (விலக்கம் சுழியம், தாவல் 1). நிரலும் -8 என்றது. ஆனால் ஆறு தளத்தில் ஸ்பினுக்கு மூன்று எலக்ட்ரான்கள், ஒற்றைப்படை. தவறே தெரியாத ஒரே ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வீடு முழுக்கச் சுத்தம் என்று நம்பியிருக்கிறேன்.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது அதற்குக்கூட இல்லை. ஒரு தளத்துக்கான ஆற்றலைப் பாருங்கள். சரியான விடைகள்: 4 தளத்துக்கு -1, 6-க்கு -1.333, 8-க்கு -1.207. மேலும் கீழுமாகத் தள்ளாடும். குறியைத் தொலைத்தவரின் விடைகள்: -1.414, -1.333, -1.307. முடிவிலி நீளச் சங்கிலியின் விடையான -1.273-ஐ நோக்கி ஒரே சீராகப் போகும்! 4 தளத்திலும் 8 தளத்திலும் தவறான விடைதான் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு ஆற்றலும் இன்னும் கீழே. கீழே போனால் நல்லது என்று பழகிய கண்ணுக்கு அதுவும் ஒரு சான்று. என் வழிகாட்டி அந்த வரைபடத்தைப் பார்த்து "பலே" என்றார். வேறு ஊரில் இருந்த கூட்டாளி தன் எண்கள் ஒத்துவரவில்லை என்று எழுதியபோது, அவர் நிரலில் எங்கே பிழை இருக்கலாம் என்று இரண்டு பக்கத்துக்குப் பாடம் எடுத்து மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கு மாதம் போயிற்று. மன்னிப்புக் கடிதம் மட்டும் இரண்டே வரி.

அந்தத் தவறான எண்களுக்கும் இயற்பியல் பொருள் உண்டு என்பது தனி வேடிக்கை. சுற்றி வந்தால் குறி புரளும் வளையத்தின் சரியான விடைகள் அவை. வளையம் சிறியதாக இருப்பதால் வரும் அளவு விளைவுகளைக் குறைக்கச் சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்து, அதைக் கட்டுரையில் சொல்லவும் செய்வார்கள். சொல்லாமல், தெரியாமல் செய்தவன் நான். ஸ்பின்களை ஃபெர்மியான்களாக மாற்றும் வழியை ஜோர்டனும் விக்னரும் 1928-இல் தந்தார்கள். அதில் வளையத்தின் கடைசிப் பிணைப்புக்கு மட்டும் இந்த வம்பு உண்டு என்பதை லீப், ஷுல்ட்ஸ், மாட்டிஸ் மூவரும் 1961-லேயே எழுதிவிட்டார்கள். படித்திருந்தேன். அது என் நிரலுக்கும் பொருந்தும் என்று உறைக்கவில்லை.

வளையத்துக்கு மட்டும் தனியாக ஓர் 'இஃப்' போட்டு ஒட்டுப்போடாதீர்கள். நாளைக்கு இருபரிமாணக் கட்டத்துக்குப் போனால் செங்குத்துத் தாவல்கள் அத்தனையும் யாரையாவது தாண்டக்கூடியவை. புறப்படும் தளத்துக்கும் சேரும் தளத்துக்கும் இடையே எரியும் பிட்டுகளை எண்ணிக் குறி தரும் ஒரே செயற்கூறு எழுதி, எல்லாத் தாவல்களையும் அதன் வழியே அனுப்புங்கள். மேல் ஸ்பின்கள் முழுவதும் முதலில், கீழ் ஸ்பின்கள் பிறகு என்று வரிசை வைத்தால் எண்ணுவது சுலபம். விலக்கம் சுழியமாக நான்கு தளத்துக்கு -4 வராமல் எழுந்து காபிக்குப் போகாதீர்கள்.

லான்சோஸ் காட்டும் இரட்டையர்

பெரிய அணியின் மிகக் குறைந்த ஐகன்மதிப்பை ஒரு தொடக்கத் திசையனிலிருந்து படிப்படியாகத் தேடும் லான்சோஸ் முறையை நீளமாக ஓட்டினால், தசமப் பிழைகள் சேர்ந்து ஒரே ஐகன்மதிப்பு இரண்டு மூன்று முறை தலைகாட்டும். அது பேய். "அடிநிலை இரட்டை" (மிகக் குறைந்த ஆற்றலில் இரண்டு நிலைகள்) என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். உண்மையான இரட்டை நிலையோ ஒற்றைத் தொடக்கத் திசையனுக்குப் பிடிபடாது. ஸ்பின்கள் மட்டுமே உள்ள மஜும்தார்–கோஷ் சங்கிலியில் (1969) சோதியுங்கள்: அடுத்த தளத்துப் பிணைப்பு 1, அதற்கடுத்ததற்கு 0.5. எட்டுத் தள வளையத்தில் ஆற்றல் -3, அடிநிலைகள் இரண்டு.

சராசரிப்புலம் காந்தம் என்கிறது, நிரல் இல்லை என்கிறது

சராசரிப்புலம் என்பது மற்ற எலக்ட்ரான்களின் பாதிப்பைச் சராசரியாக்கிப் போடும் தோராயம். நிரல் சொல்வதுதான் சரி. ஒவ்வொரு தளத்திலும் சராசரி ஸ்பின் சுழியமாகத்தான் வரும். தளங்கள் இரட்டைப்படையாக உள்ள, பாதி நிரம்பிய (தளத்துக்கு ஓர் எலக்ட்ரான்) வளையத்தின் அடிநிலையில் மொத்த ஸ்பின்னே சுழியம் (லீப், 1989). இரு தளங்களுக்கு இடையிலான ஒட்டுறவைப் பாருங்கள்.

இரண்டு தள வளையம்

வேண்டாம். ஒரே பிணைப்பை இருமுறை எண்ணுவீர்கள்.

மூன்று புள்ளிகள், ஒரு நேர்கோடு

சிறு வளையங்களின் விடைகளை முடிவிலி நீளத்துக்கு நீட்டும்போது எல்லாவற்றையும் ஒரே கோட்டில் சேர்க்காதீர்கள். 4, 8, 12 தளங்கள் ஒரு கோடு. 6, 10, 14 இன்னொரு கோடு.