ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்: தேர்வில் நான் சறுக்கிய இடங்கள்

நெல்லை டவுனில் கருப்பட்டியும் அல்வாவும் விற்கும் ஒரு அண்ணாச்சிக்கு 12 பக்கத்தில் தளம் செய்துகொடுத்தேன். ஹியூகோ என்ற ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டரில், அதாவது நாம் எழுதும் கோப்புகளை முன்கூட்டியே முழு இணையப் பக்கங்களாகக் கட்டிவைக்கும் கருவியில். ஏன் ஹியூகோ? வேகம். கோ என்ற நிரல் மொழியில் எழுதியது, ஆயிரக்கணக்கான பக்கங்களைச் சில நொடிகளில் கட்டிவிடும். சரி, ஆனால் 12 பக்கத்தை எந்த ஜெனரேட்டரும் நான் டீயை ஆற்றி முடிப்பதற்குள் கட்டிவிடுமே! நான் யோசித்திருக்க வேண்டியது வேறு: வேலை முடித்துக் கொடுத்த பிறகு விலையை மாற்றப்போவது யார்?

மாற்றியது அண்ணாச்சியின் மகள். கையில் இருந்தது போன் மட்டும். தளத்தின் கோப்புகள் இருக்கும் கிட்ஹப்பைத் திறந்து, தலைப்பில் "அல்வா: அரை கிலோ" என்று திருத்தி, புது விலையையும் போட்டுச் சேமித்திருக்கிறார். ஹியூகோ, ஜெகில், லெவன்டி என எந்த ஜெனரேட்டரானாலும் பக்கத்தின் தலையில் தலைப்பு, தேதி எல்லாம் பெரும்பாலும் யாமல் என்ற, "பெயர்: மதிப்பு" என்று வரிவரியாக எழுதும் வடிவில்தான் இருக்கும். அங்கே மேற்கோள் குறி போடாத தலைப்புக்குள் முக்காற்புள்ளியும் (:) அதையடுத்து ஓர் இடைவெளியும் வந்தால் ஹியூகோவில் பில்ட், அதாவது பக்கங்களைக் கட்டும் வேலை, நின்றுவிடும். தளம் படுத்திருந்தால்கூட உடனே தெரிந்திருக்கும். பழைய பக்கம் அப்படியே ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து போன் வந்தது: "தம்பி, நெட்டுல ஒரு விலை, கடையில ஒரு விலையான்னு சண்டைக்கு வாராவ."

இப்போது விலைகளைத் தனியாக காற்புள்ளியால் பிரித்து எழுதும் ஒரு சிஎஸ்வி கோப்பில் வைத்திருக்கிறேன். பொருள், விலை, அவ்வளவுதான். பில்ட் தோற்றால் எனக்கு மெயில் வரும். இதை எந்த ஜெனரேட்டரிலும் செய்யலாம். திருத்தப்போகிறவரை முதல் நாளே பக்கத்தில் உட்காரவைத்து, அவர் போனிலேயே ஒரு விலையை மாற்றச் சொல்லிப் பார்த்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

அடுத்தது தீம், அதாவது தளத்துக்கான ஆயத்தத் தோற்றம். டெமோவில் ஆங்கிலம் அழகாகத்தான் இருக்கும். பெரிய தலைப்பில் "கல்லிடைக்குறிச்சி அப்பளம்" என்று போட்டு, போன் அகலத்தில் பாருங்கள். சொல் திரையைத் தாண்டி ஓடும், அல்லது வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். தீம் கொண்டுவரும் எழுத்துருவில் தமிழே இல்லாமலும் இருக்கலாம்.

பக்கத்தின் இணைய முகவரியும் அப்படித்தான். தமிழ்த் தலைப்பிலிருந்தே இணைப்பு உருவாகும்படி விட்டிருந்தேன். எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் "திருநெல்வேலி" 12 குறிகள். ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆக, ஊர்ப் பெயர் மட்டுமே 108 எழுத்து. வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்தவர்கள் வைரஸ் என்று நினைத்துத் தொடவே பயந்தார்கள். இணைப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் கையால் கொடுத்துவிடுவது நல்லது.

நேரத்திலும் ஒரு பொறி உண்டு. ஆனித் தேரோட்டத்தன்று கடை நேரம் மாறும் என்ற அறிவிப்பை, அன்றைய தேதியிட்டு விடியற்காலை நாலரைக்கு ஏற்றினேன். வரவில்லை. பில்ட் நடக்கும் சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதற்கு இன்னும் நேற்றுதான். நாளைய தேதியிட்ட பக்கத்தை ஹியூகோவும் ஜெகில்லும் தாமாக வெளியிடாது. அமைப்புக் கோப்பில் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று ஒரு வரி சேர்த்த பிறகு இந்தத் தொல்லை இல்லை.

கிட்ஹப்பில் பிடித்தவர்கள் போடும் ஸ்டார் எண்ணிக்கையைப் பார்த்து ஜெனரேட்டரை எடுப்பதும் வேண்டாம். ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் கேட்ஸ்பி என்ற ஜெனரேட்டர்தான். 2023-இல் அதை நெட்லிஃபை என்ற ஹோஸ்டிங் நிறுவனம் வாங்கியது, இன்று புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதை அவ்வளவாக எடுப்பதில்லை. கடைசி வெளியீடு எப்போது வந்தது என்று பாருங்கள், போதும்.

அப்புறம், ஆர்டர் படிவம். இந்தத் தளத்துக்குப் பின்னால் அதை வாங்கிவைக்க சர்வர் கிடையாது என்பதை அண்ணாச்சியிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் ஒரு வாட்ஸ்அப் பொத்தான் வைத்தேன். ஆர்டர் அதில்தான் வருகிறது.